ஐம்பத்தேழாவது சீட்

அன்றைக்கு அந்த வகுப்பறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. எத்தனை பேர் முன்னால் எனக்கு அந்த அவமானம் நடந்தது என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். பாடம் நடத்துகிற பிரசன்னா. அவருக்குக் கம்ப்யூட்டர் ஒயர் மாட்டிக் கொடுக்கிற பெண். எங்கள் கரூர் கொசுவலைக்காரர் நல்லமுத்து. நாமக்கல்லில் கோழித்தீவனம் செய்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். திருப்பூர் பனியன்காரர்கள் நான்கு பேர், நான்கு பேருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. பொள்ளாச்சிக் கயிறுக்காரர். கோயமுத்தூரிலேயே மோட்டார் பம்ப் செய்கிற மூன்று பேர். ஊட்டியில் ஓட்டல் வைத்திருக்கிற அம்மா. ஈரோட்டு மஞ்சள் வியாபாரிகள், மாமனாரும் மருமகனும். கடைசி வரிசையில் நான். முதலாளிகள் மட்டும் பதினைந்து பேர். பொள்ளாச்சிக்காரரிடம் மூன்று போன், ஊட்டி அம்மாவிடம் இரண்டு. ஆக, பதினெட்டு போன். பதினெட்டையும் ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பையை அப்படி மார்போடு இறுக்கிப் பிடிக்க வேண்டாம். நான் திருடன் இல்லை. கரூரிலிருந்து எட்டு இடம் மாறி உட்கார்ந்தேன், உண்மைதான். நீங்கள் குளித்தலையில் ஏறியதும் கண்டக்டர் உங்களுக்குக் கண்ணைக் காட்டினாரே, அதையும் பார்த்தேன். "பெரியவரே, டிக்கெட் ஒண்ணு, சீட்டு மட்டும் வண்டி பூராவும் வேணுமா?" என்று அவர் கேட்டதற்கு பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும். இந்த வண்டிக்கு பாடி கட்டியது என் பட்டறை. அது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நான் அயலாரிடம் பேசுகிறவன் இல்லை. கல்யாணத்துக்குப் போனால்கூட பந்தி முடிந்ததும் பின்வாசல் வழியாக வந்துவிடுவேன். நீங்கள் மரியாதையாக, "ஏனுங்க இப்படி மாறி மாறி உக்கார்றீங்க?" என்று கேட்டதால் சொல்கிறேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு வெல்டிங். அறுபத்தாறு வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது என் மகள் வசுமதி. கோயமுத்தூரில் ஒரு மேனேஜ்மென்ட் காலேஜ். கம்பெனி நடத்துகிறவர்களுக்கென்று மாதம் இரண்டு நாள், சனி ஞாயிறு, அங்கேயே தங்கிப் படிப்பு. "ஒரு தடவ போய்ட்டு வாங்கப்பா, அப்புறம் பேசலாம்" என்றாள். அவளே ஃபாரம் நிரப்பினாள், அவளே பணம் கட்டினாள், கையெழுத்து மட்டும் நான்.

வசுமதி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். ஆறு வருஷமாகப் பட்டறை ஆபீஸில் இருக்கிறாள். டிராயிங் போடுவாள். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வந்தால் சரிபார்த்து இறக்குவாள். கஸ்டமரிடம் பேசுவாள், பேங்கில் பேசுவாள், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவாள், தீபாவளி போனஸ் சண்டையைத் தீர்ப்பாள். மற்றபடி எல்லாம் நான்தான்.

என் வேலை என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பெயின்ட் அடித்து, சீட் மாட்டி, கண்ணாடி போட்டு எல்லாம் முடிந்த பிறகு, பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் நான் ஒருவன் மட்டும் வண்டிக்குள் ஏறுவேன். கதவைச் சாத்திக்கொள்வேன். ஒவ்வொரு சீட்டிலும் உட்காருவேன். பயணிகள் சீட் ஐம்பத்தைந்து, கண்டக்டர் சீட் ஒன்று, டிரைவர் சீட் ஒன்று. ஐம்பத்தேழு. முட்டி முன்சீட்டில் இடிக்கிறதா, எழுந்திருக்கும்போது கை தேடாமலே கம்பி கிடைக்கிறதா, வெல்டிங் பிசிறு சேலையைக் கிழிக்குமா, ஜன்னல் ஷட்டர் விரலை நசுக்குமா. உட்கார்ந்தால்தான் தெரியும். பட்டறையில் யாரும் அந்த நேரம் சுத்தியல்கூடத் தட்ட மாட்டார்கள். நான் இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டால் வண்டி போகலாம் என்று அர்த்தம். துண்டு தோளில் ஏறாமல் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போனதில்லை. போனதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இந்த வண்டி வரும்வரை.

அந்த காலேஜையும் சொல்ல வேண்டும். பிரசன்னாவுக்கு நாற்பது வயதிருக்கும். "சார்னு கூப்பிடாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார். வாத்தியாரை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? அதனால் நான் அவரைக் கூப்பிடவே இல்லை. மஞ்சள் நிறத்தில் ஒட்டுகிற காகிதம் கொடுத்து, "உங்க கம்பெனியோட பலவீனத்த எழுதி சுவத்துல ஒட்டுங்க" என்பார். ஊரார் பார்க்கச் சுவரிலா ஒட்டுவது? நான் வெறும் காகிதத்தை ஒட்டினேன். அதற்கும், "இது ரொம்ப ஆழமா இருக்கே" என்றார்.

நாற்காலி அதைவிட மோசம். எழுதுவதற்குப் பலகை வைத்த நாற்காலி. பலகைக்கு அடியில் போல்ட் நீட்டிக்கொண்டு முட்டியில் இடிக்கிறது. வாங்குகிற ஃபீஸுக்கு ஒரு போல்ட்டை வெட்டிவிட முடியாதா? எல்லாரும் சாப்பிடப் போனபோது ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தேன். முப்பதில் பத்தொன்பது இடித்தது. பிரசன்னா பாதியில் வந்துவிட்டார்.

"என்ன சார், தியானமா?"

நான் போல்ட்டைத் தொட்டுக் காட்டினேன். மத்தியானம் வகுப்பில், "நம்ம பஸ் பாடி சார் எல்லாருடைய இடத்துலயும் உக்காந்து பாக்கறார், இதத்தான் கஸ்டமர் பார்வைன்னு சொல்றோம்" என்று பாடமாக்கிவிட்டார். நான் காட்டியது போல்ட்டை. போல்ட் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இதெல்லாம் பரவாயில்லை. மூன்றாவது மாதம்தான் அந்த டப்பா வந்தது.

"இன்னைக்கும் நாளைக்கும் நீங்க யாரும் முதலாளி இல்ல. செத்துப் போயிட்டதா வச்சுக்கங்க. நீங்க இல்லாம கம்பெனி ரெண்டு நாள் ஓடுதான்னு பாப்போம்" என்றார் பிரசன்னா. காலை பத்து மணிக்கு, காலேஜ் கேன்டீனில் இட்லி சாப்பிட்ட வாயோடு, பதினைந்து பேரைச் சாகடித்தார் தம்பி. பட்டறையில் இந்த வண்டி முடிந்து நிற்கிறது. நான் திங்கட்கிழமை வந்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான் டெலிவரி என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதனால் எனக்குப் பயமில்லை. போனைக் கொடுத்துவிட்டேன்.

ராத்திரி என்னோடு ஒரே அறையில் கொசுவலை நல்லமுத்து. அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு, வாட்ச்மேனிடம் போன் வாங்கி வீட்டுக்குப் பேசினார். "அண்ணே, நீங்களும் ஒரு வார்த்த பேசிருங்க, வாத்தியாருக்கா தெரியப்போவுது" என்றார். நான் பேசவில்லை. போட்ட விதி விதிதான்.

மறுநாள் சாயங்காலம் டப்பாவைத் திறந்தார்கள். அவரவர் கம்பெனியிலிருந்து எத்தனை போன் வந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் போர்டில் எழுதினாள். நல்லமுத்துவுக்கு நாற்பத்தொன்று. ஊட்டி அம்மாவுக்கு முப்பது. திருப்பூர்க்காரர் ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. என் போனில் பதினொன்று. பதினொன்றும் இந்த வண்டியின் ஓனர், குளித்தலை செங்கோட்டுவேல். பட்டறையிலிருந்து வந்தது எத்தனை என்று கேட்டார்கள். திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். என் மகளிடமிருந்து ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட.

என் பெயருக்கு நேராக முட்டை போட்டார்கள். அதைச் சுற்றி சிவப்பில் ஒரு வட்டம். அப்புறம் கை தட்டினார்கள் தம்பி. பதினாறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் முட்டை வாங்கினால் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். அதுவாவது நேர்மை.

"இவர் ஒருத்தர்தான் கம்பெனிய கட்டியிருக்கார். நாமெல்லாம் கம்பெனிக்கு வேலைக்குப் போய்ட்டிருக்கோம்" என்றார் பிரசன்னா. "என்ன சார் ரகசியம்? ரெண்டு வார்த்த சொல்லுங்க."

என்னால் நாலு பேர் முன்னால் பேச முடியாது. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போல்ட் வேறு முட்டியில் குத்துகிறது. "பொண்ணு பாத்துக்குமுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் கை தட்டல். பேச வராதவனை நிறுத்தி வைத்தால் அப்படித்தான், வாயில் ஏதோ ஒன்று வந்து விழும். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

அடுத்த நாள் காலையில் பட்டறைக்குப் போனால் வண்டி நின்ற இடத்தில் டயர்த் தடமும் நசுங்கிய எலுமிச்சம்பழமும்தான் இருந்தன.

"வண்டி எங்க?"

"ஞாயித்துக்கிழம பத்தரைக்குள்ள வண்டி வெளிய வரணும்னு செங்கோட்டுவேலண்ணனுக்கு ஜோசியர் சொல்லிட்டாராம்ப்பா. அவரு உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு நேர்ல வந்துட்டாரு. அனுப்பிட்டேன்."

"நீ ஏன் என்னக் கூப்பிடல?"

"கூப்பிட்டா என்ன சொல்லியிருப்பீங்க? நிறுத்துன்னு சொல்லியிருப்பீங்க."

"பூசணிக்காய் யாரு ஒடச்சது?"

"நான்தான்."

"ஒடஞ்சுதா?"

"ஒரே போடு."

பக்கத்தில் எங்கள் ஃபோர்மேன் ஆரோக்கியம் நின்றிருந்தான். என்னோடு வெல்டிங் பழகியவன். எனக்கு அப்புறம் பிறந்தவன், எனக்கு முன்னாலேயே தலை நரைத்தவன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"சீட்?" என்றேன்.

"ஒக்காந்து பாத்துட்டேன்ப்பா. அம்பத்தேழுலயும்."

"நீ அம்பது கிலோ. நீ ஒக்காந்தது சீட்டுக்குத் தெரியுமா?"

"அதுக்குத்தான் எனக்கு அப்புறம் ஆரோக்கியண்ணனையும் ஒக்கார வச்சேன்."

"ஆமாங்க மொதலாளி" என்றான் ஆரோக்கியம். "பாப்பா விடவே இல்ல. பின் சீட்டுல மட்டும் மூணு தடவ எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்கார வச்சிருச்சு. இடுப்பு போச்சு."

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு பேசுகிறார்கள் பாருங்கள். எனக்கு வந்த கோபத்தில் துண்டை எடுத்து மேஜை மேல் வீசினேன். சர்டிபிகேட் கொடுக்கிற நாளுக்கும் நான் போகவில்லை. தபாலில் வந்தது. பிரிக்காமல் கிடக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது வசுமதி சொன்னாள். ஓசூரில் பஸ் கட்டுகிற பெரிய கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை தருகிறார்களாம். மருமகன் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார், வாரம் ஒருமுறை வந்து போகிறார். "பட்டறைய என் பேருக்கு எழுதிக் குடுங்கன்னு கேக்கலப்பா. சாவி கேக்கல. 'நீ பாத்துக்க'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் இங்கயே இருக்கேன். அவரையும் இங்க வரச் சொல்லிர்றேன். சொல்லலன்னா நான் ஓசூர் போறேன்."

"அந்த வண்டிய நான் பாக்கல. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சரிப்பா, பாருங்க. ஆனா ஓசூருக்கு நான் பதில் சொல்ல கெடு இருக்கு."

கெடு எப்போது என்று கேட்டீர்களா? இன்றைக்குச் சாயங்காலம். அதை அப்புறம் சொல்கிறேன்.

அதனால்தான் இந்த வண்டியில் வருகிறேன். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து பார்ப்பது லேசில்லை தம்பி. நிற்கிற வண்டியில் அரை மணி நேர வேலை. இதில் ஒரு சீட் காலியாகக் காத்திருக்க வேண்டும். மாயனூரில் ஒரு அம்மா, "வண்டி பூரா எடங்கெடக்கு, எம் பக்கத்துலதான் வந்து ஒக்காரணுமா? வயசுக்குத் தகுந்த புத்தி வேணாமா?" என்று சத்தம் போட்டார். நான் எழுந்துவிட்டேன். ஆனால் அதற்குள் பார்த்துவிட்டேன், அந்த சீட் சரியாக இருந்தது. டிரைவர் சீட்டில் அவர் டீ குடிக்கப் போனபோது கரூர் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தேன். திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, "தாத்தா, திருச்சிக்கு நீங்களே ஓட்டிர்றீங்களா, நான் தூங்கறேன்" என்றார். அதுவும் சரியாக இருந்தது.

குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. பின்சக்கரத்துக்கு மேலே வருகிற சீட்டில் கால் வைக்க ஒரு தகடு அடித்திருக்கிறாள். எங்கள் பட்டறையில் அது வழக்கமே இல்லை. யாரைக் கேட்டு அடித்தாள்? அந்த இடத்தில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும், காலம் காலமாக அப்படித்தான் வரும், ஜனங்களுக்குப் பழகிவிட்டது. நான் அதில் காலை வைத்துப் பார்த்தேன். வைத்த காலை லாலாப்பேட்டை தாண்டித்தான் எடுத்தேன். அது வேறு விஷயம். கேட்டிருக்க வேண்டும் அல்லவா? கதவுப் பக்கம் பாருங்கள், கம்பியை நாலு விரல் இறக்கியிருக்கிறாள். குள்ளமான பொம்பளைகளுக்கு எட்டவில்லையாம். என் பட்டறையில் யாரும் எட்டவில்லை என்று என்னிடம் சொன்னதில்லை. கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் பை மாட்ட ஒரு கொக்கி. அந்த ஆள் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே அதில்தான் பையை மாட்டியிருக்கிறார்.

பிசிறு? இல்லை. ஷட்டர்? இல்லை, விரலை வைத்தே பார்த்தேன். முட்டி இடிக்கிற சீட் இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை. அகப்படும். யார் கட்டின வண்டியிலும் ஒன்றாவது இல்லாமல் போகாது. நான் பார்த்த வண்டி ஒவ்வொன்றிலும் நாலு ஐந்தாவது கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன். அதற்குத்தானே நான் இருக்கிறேன்? ஒன்றும் இல்லையென்றால் நான் எதற்கு?

பெட்டவாய்த்தலை வந்துவிட்டதா. வண்டி நன்றாகத்தான் போகிறது. சத்தமில்லை பாருங்கள். கண்ணாடி ஆடினால் எனக்குக் காது வலிக்கும். இதில் ஆடவில்லை.

பத்து நாளாக ஏறி இறங்குகிறேன். இன்றைக்கு ஏறும்போது ஒன்பது சீட் பாக்கி. எட்டு பார்த்துவிட்டேன். ஒன்பதாவது இதுதான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஜன்னல் சீட். நான் பின்னாலிருந்து வருவதற்குள் குளித்தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். அதனால்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். வேறு ஒன்றுமில்லை.

மத்தியானம் நான் கிளம்பும்போது வசுமதி ஆபீஸில் இருந்தாள். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிராயிங்கையெல்லாம் சுருட்டி, ஒவ்வொன்றின் மேலும் வண்டி நம்பர் எழுதி, அலமாரியில் அடுக்கியிருந்தாள். எப்போதுமே சுத்தமான பெண். அவள் வேலைக்கு வந்த முதல் நாள் என் அளவு டேப்பைக் கொடுத்திருந்தேன், அதை என் மேஜை மேல் கொண்டு வந்து வைத்திருந்தாள், எண்ணெய் போட்டுத் துடைத்து. "போய்ட்டு வாங்கப்பா" என்றாள். வாசல் வரைக்கும் வந்தாள். வெயிலில் அவள் அப்படி வருகிறவள் இல்லை.

என்ன சொல்கிறீர்கள்? இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடுவதா? நீங்களும் அந்த காலேஜில் படித்தவரா தம்பி? உட்கார்ந்து பார்க்காமல் எப்படிச் சொல்வது? முறை என்று ஒன்று இருக்கிறது. எல்லா சீட்டும் பார்க்க வேண்டும், அப்புறம்தான் துண்டு. பாதியில் துண்டைத் தோளில் போட்டவன் இல்லை நான்.

ஜீயபுரம் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குடமுருட்டிப் பாலம், அப்புறம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட். கெடு ஐந்து மணிக்கு. மணி நாலே முக்கால்.

அட, இதோ பாருங்கள். பாருங்கள், போனில் பெயர் தெரிகிறதா? வசு. அவள்தான். பார்த்தீர்களா? அன்றைக்குப் பதினெட்டு போன் டப்பாவுக்குள் கிடந்தபோது ஒரு தடவை கூப்பிடத் தோன்றியதா அவளுக்கு? அத்தனை பேர் முன்னால் முட்டை போட வைத்தாள். இப்போது கூப்பிடுகிறாள். நான் இல்லாமல் முடியவில்லை பாருங்கள். அடிக்கட்டும். அன்றைக்கு அடிக்காதவள் இன்றைக்கு அடிக்கட்டும். எடுத்தால் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். எத்தனை பாக்கிப்பா என்று கேட்பாள்.

போன் நின்றுவிட்டது.

இல்லை இல்லை, நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? எனக்காகவா? வேண்டாம். பாலம் வருகிறது, வண்டி குலுங்கும், கம்பியைப் பிடியுங்கள். பிடித்தீர்களா? தேடாமலே கிடைத்தது, இல்லையா? சரி, உட்காருங்கள். நான் இன்றைக்கு இதில் உட்காரப் போவதில்லை. உட்கார்ந்து, அதிலும் ஒன்றுமில்லையென்றால்? முறை முடிந்துவிடும். முடியாமல் இருக்கிற வரைக்கும் என் பதிலுக்காக அவள் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். எங்கே போய்விடுவாள்? என்னைக் கேட்காமல் போகிற பெண் இல்லை அவள்.

நாளைக்கு முதல் வண்டிக்கு வருகிறேன். உட்காருங்கள் தம்பி. ஐம்பத்தாறு பார்த்தாயிற்று. பாக்கி ஒன்று.